நாற்பத்து மூன்று மாடல்களும் ஒரு வீணையும்

பொறாமைப்பட சாய்நாத்துக்குப் பெரிய காரணங்கள் வேண்டியதில்லை. எதிர் ஃபிளாட் பால்கனியில் துளசி தழைத்தாலே அவனுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. ஆனால் ஒரு சாண் நீளக் காகித டேப்பைப் பார்த்து வயிறு எரிந்தது அந்த வியாழக்கிழமைதான்.

லஸ் பக்கத்து ட்யூட்டோரியலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்திவிட்டு, தொண்டை கட்டிப்போய், அபிராமபுரத்து வீட்டுக்குள் நுழைந்தான். சாப்பாட்டு மேஜைமேல் கறுப்பாக, தடியாக ஒரு லேப்டாப். ஏதோ ஒரு கம்பெனியில் ஐந்தாறு வருஷம் உழைத்துவிட்டு ஓய்வு பெற்ற ஜாதி. ஓரத்தில் பெயின்ட் தேய்ந்திருந்தது. பக்கத்தில் வீணை. அதற்கும் பக்கத்தில் அவன் மனைவி அனன்யா, முகம் கொள்ளாத சிரிப்போடு.

"வாங்கிட்டேன்," என்றாள்.

"எதை?"

"கண்ணுக்கு முன்னாடி இருக்கே, இதைத்தான். மாம்பலத்துல அசோகன்னு ஒருத்தர். லினக்ஸே போட்டுக் கொடுத்துட்டார். பதினாலாயிரம்."

சாய்நாத் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உள்ளே என்ன வைஃபை சிப்?" என்று கேட்டான். வேறு யாராக இருந்தாலும் 'நன்னா இருக்கே' என்றிருப்பார்கள்.

அனன்யா பதில் சொல்லாமல் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். அடிப்பக்கத்தில், பெயின்ட் அடிக்கிறவர்கள் ஒட்டுகிற மஞ்சள் காகித டேப். அதில் பால்பாயின்ட் பேனாவால் குண்டு குண்டாக ஆறு வரி. வைஃபை, இன்டெல். மூடித் திறந்தால் முழிக்குது. மைக், ஸ்பீக்கர். கேமரா. டிவியில் படம் வருது. பாட்டரி மூணு மணி பத்து நிமிஷம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். கீழே தேதி, கையெழுத்து.

அவன் கேட்டிருக்கக்கூடிய அத்தனை கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. அதுதான் எரிந்தது.

சங்கதி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். சாய்நாத் சாதாரண ஆள் இல்லை. அடையாறில் மாதம் ஒருமுறை கூடுகிற லினக்ஸ்காரர்கள் கூட்டத்தில் அவன் பெயரே 'லினக்ஸ் சாய்'. காசு கொடுத்து வாங்கும் எந்த இயங்குதளத்தையும் பதினைந்து வருஷமாகத் தொட்டதில்லை. அந்த இலவச லினக்ஸ் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒழுங்காக ஓடிவிடாது. ஒன்றில் வைஃபை வராது, ஒன்றில் சத்தம் வராது, ஒன்று மூடினால் திறக்காது. எதில் எது ஓடும் என்பது தெரிந்தவன் சாய்நாத். 'சார், இந்த லேப்டாப்புல ஓடுமா?' என்று தெரியாத நம்பரிலிருந்தெல்லாம் வாட்ஸ்அப் வரும். பதில் போடும்போது அவன் முதுகு நேராகும்.

அப்படிப்பட்டவனிடம் அவன் மனைவி எட்டு மாதம் முன்பு ஒரு கம்ப்யூட்டர் கேட்டாள். இருபதாயிரத்துக்குள், லினக்ஸ் ஓட, ஆன்லைனில் வீணை வகுப்பு எடுக்க. ஃபோனை எவர்சில்வர் டப்பாவில் சாய்த்து வைத்து அவள் எடுத்துக்கொண்டிருந்த வகுப்புகளில் தந்தியின் நாதம் துண்டு துண்டாகத்தான் போய்ச் சேர்ந்தது. மார்ச் மாதம் சிங்கப்பூர் இசைப் பள்ளி ஒன்றில் ஆன்லைனில் கற்பிக்கும் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுத்தாள். 'வாசிப்பு நன்றாக இருக்கிறது, ஒலிதான் சரியில்லை. நல்ல ஏற்பாடு செய்துகொண்டு இன்னொரு முறை வாருங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு முறை என்பது ஒரே முறை. அதுவும் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

இந்த எட்டு மாதமும் சாய்நாத் என்ன செய்தான்? பட்டியல் போட்டான். நாற்பத்து மூன்று மாடல்கள். ஒவ்வொன்றுக்கும் பதினொரு கட்டம். இதில் வைஃபையை இயக்கும் டிரைவர் நிரல் முழுக்க ஓப்பன் சோர்ஸ் இல்லை, பட்டியலிலிருந்து அடி. அதில் கிராஃபிக்ஸ் கம்பெனிக்காரன் தன் நிரலைக் கொடுக்க மாட்டேன் என்கிறான், அதையும் அடி. இன்னொன்றில் எல்லாம் சரி, இந்தியாவில் கிடைக்காது. ராத்திரி சாப்பாட்டு வேளையில் அவளுக்கு இதையெல்லாம் விலாவாரியாக விளக்குவான். அவள் ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே கேட்பாள். "அப்போ எதைத்தான் வாங்கறது?" என்பாள் கடைசியில். "பொறு, இன்னும் ரெண்டு மாடல் பார்க்கணும்," என்பான் இவன்.

அவள் பொறுத்தது போதும் என்று ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டு வந்துவிட்டாள்.

"யாரு இந்த அசோகன்?"

"கே.கே. நகர்லேர்ந்து வரான் இல்லியா ஒரு பையன், என்கிட்ட வீணை கத்துக்க, அவன் அம்மா சொன்னா. ஸ்டேஷன் பக்கத்துல, பிளவுஸ் பிட் கடைக்கு மாடில. ஃபோன் பண்ணி, வீணை வகுப்புக்குன்னு சொன்னேன். 'எதுக்கு வேணுமோ அதையே இங்க எடுத்தாந்துடுங்க, வாசிச்சுப் பாத்து வாங்கிடலாம்'னார்."

"வீணையைத் தூக்கிண்டு ரங்கநாதன் தெருவுக்கா?"

"பனகல் பார்க் வரைக்கும் ஆட்டோ. அங்கேர்ந்து அவரே வந்து தூக்கிண்டு போனார். கூட்டத்துல ஒருத்தர் மேலயும் இடிக்கலை."

சாய்நாத் வீணையைப் பார்த்தான். கல்யாணமான இரண்டாம் வருஷம் அதன் குடத்தைக் கதவு நிலையில் ஒருமுறை இடித்துவிட்டான். அன்றிலிருந்து அவனைத் தூக்க விடமாட்டாள். முன்பின் தெரியாத ஒருவன் ரங்கநாதன் தெருவில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

"கடையில வாசிச்சியா?"

"வாசிச்சேனே. நாலு லேப்டாப்பை வரிசையா வெச்சு, ஒவ்வொண்ணுலயும் கழுத்துல தொங்கற பென் டிரைவைச் சொருகி லினக்ஸை ஓட்டினார். நான் ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் சஹானா ராகம் வாசிச்சேன். கீழே பிளவுஸ் கடையில வேலை பாக்கறவா எல்லாம் படிக்கட்டுல வந்து நின்னுண்டா. மூணாவது லேப்டாப்புல அசோகன் நிறுத்தச் சொல்லிட்டார். தந்தியை மீட்டினதும் நாதம் நீளமா போகுமே, அந்த வாலை இரைச்சல்னு நினைச்சு கம்ப்யூட்டர் வெட்டிடறதாம். அதை அணைச்சுட்டு மறுபடி வாசிக்கச் சொன்னார். என்னமா கேட்டது தெரியுமா!"

எட்டு மாதமாக ஃபோனில் ஒலி துண்டு துண்டாகப் போனதற்கும் காரணம் அதுதான். சாய்நாத்துக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும் என்பதும் அந்த நொடியே தெரிந்துவிட்டது. அதைவிட இன்னொன்று குத்தியது. அவள் சஹானா வாசித்து அவன் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று? பிளவுஸ் கடைப் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். அசோகன் கேட்டிருக்கிறான். இவன் கேட்கவில்லை, அந்த நேரத்தில் நாற்பத்து நான்காவது மாடலைத் தேடிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை ட்யூட்டோரியலுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு லேப்டாப்பில் குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்தான். பாஸ்வேர்டை அவளே சொன்னாள்: கல்யாண தேதி. "மறக்காததா ஒண்ணு போடுங்கன்னார், இதான் தோணித்து. நான் அடிக்கறச்சே திரும்பிண்டுட்டார்," என்றாள். அவன் திரும்பிக்கொண்டதுகூட இவனுக்குப் பிடிக்கவில்லை. மரியாதை தெரிந்தவனை எப்படித் திட்டுவது?

மூடினான், திறந்தான். முழித்தது. வைஃபையை அணைத்துப் போட்டான். வந்தது. டிவியில் மாட்டினான். படம் விழுந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைசியாக ஒன்று அகப்பட்டது.

"அனன்யா! கைரேகை வெக்கற இடம் வேலை செய்யலை!" அவன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டால் யாரும் வீட்டில் விசேஷம் என்று நினைத்திருப்பார்கள்.

அவள் அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "அதுக்கு லினக்ஸ்ல டிரைவர் இல்லைன்னு அசோகன் முதல்லயே சொல்லிட்டார். அதுக்காக ஆயிரம் குறைச்சுண்டார். எனக்கு எதுக்குக் கைரேகை? நான் என்ன பேங்க் லாக்கரா?"

சாய்நாத்தின் முகம் சுண்டிப்போனது. அன்று சாயங்காலத்துக்குள் 'அசோகன் சொன்னார்' என்பதை அவள் பதினொரு தடவை சொல்லியிருந்தாள். அவன் எண்ணிக்கொண்டிருந்தான். இவன் மயிலாப்பூர், அவனோ, அவள் சொன்னபடி, ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குத் தூக்கி எறியப்பட்ட குடும்பம். அமெரிக்காவில் இருக்கிற ஒருவன் இதைச் செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்பதும் சாய்நாத்துக்குத் தெரிந்தது. அந்த நினைப்புக்கு அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். கொஞ்சம்தான்.

சனிக்கிழமை காலையில் அவள் சாதகம் பண்ண உட்காரும்போது அவன் கவனித்தான். மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அசோகன் ஒரு கட்டளை சொல்லிக்கொடுத்திருந்தான். அவள் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்து, எதையும் அடிக்காமல், மேல்நோக்கிய அம்புக்குறி விசையை ஒருமுறை தட்டினாள். நேற்று அடித்த கட்டளை தானாக வந்து நின்றது.

"இது நீங்க கத்துக்கொடுத்தது," என்றாள் திரும்பிப் பார்த்து. "கல்யாணமான புதுசுல. மேலே தட்டினா முன்னாடி அடிச்சதெல்லாம் ஒண்ணொண்ணா வரும்னு."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. 'அசோகன் சொல்லிக்கொடுத்த கட்டளை' என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

அன்று மத்தியானம் அவள் மந்தைவெளிக்கு வகுப்பெடுக்கப் போனாள். சாய்நாத் லேப்டாப்பைத் திறந்தான். கெடுதல் செய்வதாக அவன் நினைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் மனசில் ஓடியது இதுதான்: ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு மாதிரி வகுப்பு. நாலேகாலுக்கு அவள் திறப்பாள். வைஃபை வராது. பதறிப்போய் 'இங்க வாங்கோளேன்' என்று கூப்பிடுவாள். இவன் போவான், கண்ணாடியைத் துடைத்துக்கொள்வான், இரண்டே நிமிஷத்தில் சரிசெய்வான். 'பழைய சாமான்னா இப்படித்தான்' என்று பெருந்தன்மையாகச் சொல்லுவான். அசோகன் என்ற பெயர் அந்த வீட்டைவிட்டு ஒழியும். அவளுக்கு வேலையும் கிடைத்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம்?

ஒரே ஒரு வரி. இந்த வைஃபை சிப்பைக் கண்டுகொள்ளாதே, எழுப்பாதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் வரி. அதற்கு லினக்ஸில் 'பிளாக்லிஸ்ட்' என்றே பெயர். அடித்தான், அணைத்தான், மூடினான். அவசரத்தில் மேஜைமேல் இருந்த கோந்து பாட்டிலைக்கூடத் தட்டிவிட்டான். அதைத் துடைத்து முடித்தபோது அவள் வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே அவன் ஹாலில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு வரி படிக்கவில்லை. நாலேகாலுக்கு உள்ளறையில் லேப்டாப் திறக்கும் சத்தம் கேட்டது. அவன் கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டான். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். உள்ளே சத்தமே இல்லை.

பிறகு அனன்யா வெளியே வந்தாள். பட்டுப் புடவை, தலையில் பூ. ஒரு கையில் லேப்டாப், ஒரு கையில் ஃபோன். அவனுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது.

"சொல்லுக்கா," என்றது அசோகன் குரல். பின்னால் பஸ் ஹாரன்.

சாய்நாத் செய்தித்தாளை இறக்கினான். புருஷன் முன்னால் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான், இவள் அவனைக் கூப்பிடுகிறாள்!

"அசோகன், வைஃபை வரலை. நாப்பத்தஞ்சு நிமிஷம்கூட இல்லை, நாப்பதுதான் இருக்கு."

"பதறாதக்கா. நேத்து வந்துச்சா?"

"நேத்து காலைல வந்தது."

"அப்போ சிப்பு நல்லாதான் கீது. நடுவுல இன்னாமோ மாறிக்கீது. அந்தக் கறுப்பு ஜன்னலைத் தொற. எதுவும் அடிக்காத. மேல் அம்பை ஒருவாட்டி தட்டு. இன்னா வருதுன்னு படி."

அப்போதுதான் சாய்நாத்துக்கு உறைத்தது. பதினைந்து வருஷம் லினக்ஸ், மாதக் கூட்டத்தில் மேடை, வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் உபதேசம். அடித்த கட்டளையை அழிக்க மறந்துவிட்டான். கோந்தைத் துடைத்தவன் அதைத் துடைக்கவில்லை.

அனன்யா விசையைத் தட்டினாள். நிதானமாகப் படித்தாள். "எக்கோ. அப்புறம் பிளாக்லிஸ்ட்." நிறுத்தினாள். தலையைத் தூக்கி சாய்நாத்தைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். "ஐ... டபிள்யூ... எல்..." அந்த வைஃபை டிரைவரின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, பிள்ளைகளுக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுப்பதுபோல. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். சாய்நாத் செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

படித்து முடித்தாள்.

"அக்கா," என்றான் அசோகன், குரலைத் தணித்துக்கொண்டு. "சார் ஊட்ல கீறாரா?"

"எதிர்லதான் இருக்கார்."

"ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிட்டு அவராண்ட குடு."

சாய்நாத் ஃபோனை வாங்கிக் காதில் வைத்தான்.

"சார், நமஸ்காரம். நீங்க போட்ட வரியை நீங்களே எடுத்துட்டு ஒரு ரீஸ்டார்ட் குடுங்க, வந்துடும். நேரம் கீது. அக்காவாண்ட டிரைவர் கோளாறு, சார்தான் சரி பண்ணாருன்னு சொல்லிடறேன். வெச்சுடவா?"

திட்டியிருக்கலாம். 'இன்னா ஆளு சார் நீ' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் சாய்நாத் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பான். லேப்டாப்பை வாங்கி, இரண்டு நிமிஷத்தில் சரிசெய்தான். அவன் திட்டம் போட்டபடியே இரண்டு நிமிஷம்தான். ஆனால் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது என்னவோ வேறு காரணத்துக்காக.

அனன்யா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐந்து மணிக்கு சஹானா கேட்டது. சாய்நாத் கதவுக்கு வெளியே நின்று கேட்டான். நாதம் வெட்டுப்படாமல் நீண்டு நீண்டு போனது. உள்ளே உட்கார்ந்து கேட்கிறவர்கள் சிங்கப்பூரில் இருந்தார்கள். அவர்கள்மேலும் அவனுக்குப் பொறாமை வந்தது. இந்த ஆளுக்கு என்னதான் மருந்து?

வேலை கிடைத்துவிட்டது. அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். "அசோகன் ஃபோன் பண்ணினார். நீங்கதான் சரிபண்ணேளாமே," என்றாள் அனன்யா. வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஒரு கிலோ ஸ்வீட் டப்பாவை அவன் கையில் கொடுத்தாள். "அசோகனுக்கு. நீங்களே போய்க் கொடுத்துட்டு வாங்கோ."

"நானா?"

"நீங்கதான்."

மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் டப்பாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். பிளவுஸ் கடைக்குப் பக்கத்தில் குறுகலான படிக்கட்டு. மேலே ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கப் பழைய லேப்டாப்புகள். முப்பத்தைந்து வயசிருக்கும் ஒருவன், கழுத்தில் அடையாள அட்டைக் கயிற்றில் பென் டிரைவ், ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்வியபடி நிமிர்ந்தான்.

"சாய்நாத்," என்றான் இவன். "அனன்யா..."

"அட, சாரா! வாங்க சார்!" அசோகன் ஸ்டூலைத் தன் சட்டை நுனியால் துடைத்துப் போட்டான். "அக்காவுக்கு வேலை கெடச்சுடுச்சாமே. நேத்து ஊட்ல பாயசம் சார் நாங்க."

"நேத்திக்கு நடந்தது..."

"அத்த வுடு சார்." அவ்வளவுதான் சொன்னான். டப்பாவைப் பிரித்து முதல் துண்டை இவனிடமே நீட்டினான்.

வாயில் இனிப்போடு சாய்நாத் அலமாரியைப் பார்த்தான். ஒவ்வொரு லேப்டாப்பின் முதுகிலும் மஞ்சள் டேப். அதே ஆறு வரி. மறுபடி அந்தப் பழைய எரிச்சல் தலையெடுத்தது. என்ன ஒரு ஒழுங்கு, என்ன ஒரு யோசனை. எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

"நல்ல முறையா இருக்கே," என்றான் வேண்டா வெறுப்பாக. "எங்க கத்துண்டீங்க?"

அசோகன் சிரித்தான். "இன்னா சார், கலாய்க்கிறியா? நானு அக்கா வர்றதுக்கு முன்னாடி பாட்டரியும் டிஸ்ப்ளேவும் பாத்துட்டுக் குடுத்துடுவேன். மாடல் பேரை நம்பவே மாட்டேன், ஒரே பேர்ல மூணு விதமா உள்ள போட்டு அனுப்புறான், தொறந்துதான் பாக்கணும். அவ்ளோதான் எனக்குத் தெரியும். அக்கா அன்னிக்கு வீணையை வெச்சுட்டு பையிலேர்ந்து ஒரு பேப்பரை எடுத்தாங்க. கேள்வி மேல கேள்வி. மூடித் தொறந்தா முழிக்குமா? வைஃபை இன்டெல்லா? அப்டியே ஆடிப்பூட்டேன். அந்தப் பேப்பரை நானே கேட்டு வாங்கி வெச்சுக்கினேன். நாலு நாளா குந்திக்கினு எல்லாத்துலயும் எயுதி ஒட்டிட்டேன். அதோ பாரு."

மேஜைக்குமேல் சுவரில் ஒரு கச்சேரி அழைப்பிதழின் பின்பக்கம் ஒட்டியிருந்தது. அனன்யாவின் சாய்ந்த கையெழுத்து. ஆறு வரிகள். 'மூடித் திறந்தால் எழுந்திருக்கணும், இல்லைன்னா அது லேப்டாப் இல்லை, செங்கல்.' அது சாய்நாத்தின் வாக்கியம். ஒரு ராத்திரி சாப்பாட்டில் அவன் சொன்னது. 'வைஃபை இன்டெல்னா நிம்மதி.' அதுவும் அவனுடையது. எல்லாமே. ரசத்தைக் கலக்கிக்கொண்டே அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மேலே தலைப்பு போட்டு அடிக்கோடிட்டிருந்தாள்: சாய் பார்ப்பது.

அவன் நாலு நாளாகப் பொறாமைப்பட்டது தன்னுடைய பட்டியலைப் பார்த்து. அவன் கெடுத்துவைத்தது, அவன் பேச்சை நம்பி அவள் தேர்ந்தெடுத்த கம்ப்யூட்டரை.

"சார், இன்னொண்ணு," என்றான் அசோகன். "நாப்பத்து மூணு மாடல் லிஸ்ட்டு ஒண்ணு வெச்சிருக்கியாமே. அக்கா சொன்னாங்க. அத்த எனக்குக் குடுத்தா நல்லா இருக்கும்."

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினான். படிக்கட்டிலேயே நின்று ஃபோனிலிருந்து அனுப்பியும் விட்டான். அனுப்பும்போதே, இதையும் இவன் தன்னைவிட நன்றாகப் பயன்படுத்திவிடுவான் என்று ஒரு மூலையில் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்தபோது அனன்யா சிங்கப்பூர் பிள்ளைகளின் பெயர்களை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். சாய்நாத் செருப்பைக் கழற்றினான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வைஃபையை நான்தான் கெடுத்தேன்," என்றான்.

"தெரியும்."

"எப்போ?"

"திறந்த உடனே. மைக் பாக்கலாம்னு மேல் அம்பைத் தட்டினேன், மைக் கட்டளைக்குப் பதிலா அது வந்து நின்னுது. ஆத்துல நாம ரெண்டு பேர்தானே. பிளாக்லிஸ்ட்னா என்னன்னுகூடவா எனக்குத் தெரியாது?"

"அப்புறம் எதுக்கு அவனைக் கூப்பிட்டே? என்னைக் கேட்டிருக்கலாமே."

அனன்யா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "கேட்டுண்டுதானே இருந்தேன். ஒவ்வொரு எழுத்தாப் படிச்சேன். ஒவ்வொரு எழுத்துக்கும் உங்களைப் பார்த்தேன். இப்போ சொல்லுவேள், இப்போ சொல்லுவேள்னு. ஏ, பி, சி, டி மொத்தமும் தீர்ந்துடும்போல இருந்தது. நீங்க பேப்பரைக் கிழிச்சுண்டிருந்தேள்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். அதற்குள் அவள் கேட்டாள்:

"பாஸ்வேர்டு இன்னும் அதேதான் இருக்கு. மாத்தணுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. 'காபிக்குச் சர்க்கரை போடட்டுமா' என்பது போலத்தான் கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஆசையாக இருந்தது. கல்யாண தேதி அது. ஆனால் நாளைக்கு அவள் மறுபடி 'அசோகன் சொன்னார்' என்பாள். வயிறு எரியாது என்று அவனால் சத்தியம் செய்ய முடியவில்லை.

"மாத்திடு," என்றான்.

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். புதுப் பாஸ்வேர்டை அடிக்க ஆரம்பித்தாள். சாய்நாத் அது கண்ணில் படாதபடி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான்.